பட்டாவோடு நிறுத்தாதீர்கள்: ஊருக்குச் சோறு போடும் காட்டுக்கு உரிமை வாங்குவது எப்படி

காட்டில் தலைமுறைகளாக வாழ்கிறவர்களுக்கு அவர்கள் புழங்கும் நிலத்தின் மீதும் காட்டின் மீதும் உரிமை தருவது வன உரிமைச் சட்டம். அதைச் சொன்னதும் மலையூர்களில் முதலில் வருகிற கேள்வி, "எனக்கு எவ்வளவு பட்டா கிடைக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி, அதற்கு இந்தச் சட்டத்தில் வழியும் இருக்கிறது. ஆனால் அரை ஏக்கரிலும் ஒரு ஏக்கரிலும் ராகியும் சாமையும் போட்டால் வருஷத்தில் சில மாதம் ஓடும், மீதி மாதங்களுக்கான கிழங்கு, கீரை, ஓடை நண்டு, விற்றுக் காசாக்குகிற தேன், நெல்லிக்காய், சீமாறு, கல்பாசி எல்லாம் அந்த வயலுக்கு வெளியே இருக்கும் காட்டிலிருந்துதான் வருகிறது. வயலை மட்டும் கேட்டு வாங்கிவிட்டுக் காட்டைக் கேட்காமல் விட்டால், நாளைக்கு ஒருத்தர் வந்து "இதுக்கு மேல போகக்கூடாது" என்று கோடு போடும்போது கையில் காட்ட ஒரு காகிதமும் இருக்காது.

அதனால் இந்தக் குறிப்பு பெரும்பாலும் சமூக உரிமை பற்றியது. பதி, குடி என்று சொல்லப்படும் பழங்குடி ஊர்களில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், ஊர்த் தலைவர்கள், கூட நிற்கிற ஆசிரியர்கள் இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு மலைகள். சட்டம் இந்தியா முழுக்க ஒன்றுதான்.

மூன்று படிவம், மூன்று வேலை

சட்டம் 2006-ல் வந்தது, அதற்கான விதிகள் 2008-ல், பெரிய திருத்தம் 2012 செப்டம்பரில். கையில் வைத்துக்கொள்ள வேண்டியது 2012 திருத்தத்தோடு சேர்ந்த விதிகள். பழைய நகலை வைத்துக்கொண்டு யாராவது வாதாடினால் பணிவாக இதைக் காட்டுங்கள்.

படிவம் ஏ தனிநபருக்கு. 2005 டிசம்பர் 13-க்கு முன்னாலிருந்தே அனுபவத்தில் இருக்கிற நிலம், எவ்வளவு உண்மையில் இருக்கிறதோ அவ்வளவு, உச்சவரம்பு 4 ஹெக்டேர். ஆளுக்கு 4 ஹெக்டேர் தருவார்கள் என்று ஊரில் ஒரு வதந்தி ஓடும், அதை முதல் கூட்டத்திலேயே அடக்கிவிடுங்கள். பட்டா கணவன் மனைவி இருவர் பேரிலும் வர வேண்டும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது.

படிவம் பி சமூக உரிமைகளுக்கு: காட்டு விளைபொருள் எடுப்பது, மாடு ஆடு மேய்ப்பது, ஓடையிலும் குளத்திலும் மீன் பிடிப்பது, மருந்துச் செடி, பாரம்பரிய அறிவு எல்லாம் இதில். படிவம் சி சமூக வன வள உரிமைக்கு, அதாவது முன்னோர் காலத்திலிருந்து ஊர் புழங்கிவரும் எல்லைக்குள் இருக்கும் காட்டைப் பாதுகாக்கவும், மீண்டும் வளர்க்கவும், எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கவும். பி இருந்தால் எடுக்கலாம். சி இருந்தால் அங்கே தைலமரம் நடுவதா வேண்டாமா என்று பேசவும் உங்களுக்கு வாய் இருக்கும். இரண்டுக்கும் 4 ஹெக்டேர் கணக்கு கிடையாது. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மெந்தா லேகா என்ற சின்ன கோண்டு ஊர் 2009-ல் வாங்கிய சமூக உரிமை கிட்டத்தட்ட 1,800 ஹெக்டேர், 2011-ல் அந்த ஊர் தன் மூங்கிலைத் தானே விற்கத் தொடங்கியது. எந்த அளவில் யோசிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பலரும் ஏ மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், சிலர் பி-யை நாலு வரியில் எழுதிக் கொடுக்கிறார்கள், சி என்று ஒன்று இருப்பதே தெரியாது. மூன்றையும் ஒரே மூச்சில் தயார் செய்வதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் ஆதாரம் சேகரிக்கும் வேலை மூன்றுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்.

கூட்டம் எங்கே கூடுகிறது என்பதில்தான் பாதி விஷயம்

தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி, அதாவது பழங்குடிகளுக்காக அரசியலமைப்பின் கீழ் தனியாக அறிவிக்கப்பட்ட இடம், எதுவும் இல்லை. ஊராட்சிக் கிராம சபை என்றால் பல குக்கிராமங்கள் சேர்ந்தது, அதில் பழங்குடிகள் ஓரத்தில் நிற்பார்கள். ஆனால் இந்தச் சட்டத்தின்படி வன கிராமம், பழைய குடியிருப்பு, சர்வே செய்யாத ஊர் எல்லாம், அரசு அதை ஊராக அறிவித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊர்தான். இருளர் பதி, முதுவர் குடி, தோடர் மந்து எதுவானாலும் அந்த ஊரின் வயது வந்த எல்லோரும் சேர்ந்தால் அதுவே கிராம சபை. அந்த அளவில் கூட்டம் போடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள், மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள்.

கூட்டத்துக்குப் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும், உரிமைக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் நாளில் கோரியவர்களில் பாதிப் பேர் அல்லது அவர்கள் சார்பில் ஆட்கள் இருக்க வேண்டும். தேன் எடுக்கும் சீசனிலும் எஸ்டேட்டில் காப்பி பறிக்கும் சமயத்திலும் தேதி வைத்தால் இந்தக் கணக்கு தேறாது. தேதியை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும், அதிகாரியின் வசதி அப்புறம்.

முதல் கூட்டத்தில், கோரிக்கைகளை வாங்கிச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்காவது பழங்குடிகள், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். வனத்துறை ஏற்கனவே அமைத்து வைத்திருக்கும் கிராம வனக் குழு வேறு, இது வேறு. "உங்க ஊர்ல ஏற்கனவே குழு இருக்கே" என்று சொல்லி அந்தப் பழைய குழுவின் பேரையே போட்டுவிடுவது நடக்கிற கதை. குழுவின் பெயர்ப் பட்டியலைக் கோட்டாட்சியர் தலைமையில் இருக்கும் உட்கோட்டக் குழுவுக்கு அனுப்பி, ரசீது வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கித் தீர்மானம், வருகைக் கையெழுத்து, கைநாட்டு எல்லாவற்றையும் அதிலேயே எழுதுங்கள். தனித்தனித் தாளில் எழுதினால் தொலையும், மாற்றவும் சுலபம்.

சாப்பாட்டு நாட்காட்டி

இந்தப் பகுதிக்குத்தான் நேரம் செலவழிக்கச் சொல்வேன். படிவம் பி-யில் "சிறு வனப் பொருட்கள் சேகரிக்கிறோம்" என்று ஒரு வரி எழுதினால், பின்னாடி யார் வேண்டுமானாலும் அதை நெல்லிக்காயும் கடுக்காயும் மட்டும் என்று சுருக்கிவிடலாம். ஊர் என்ன சாப்பிடுகிறது, எப்போது, எந்த இடத்திலிருந்து என்பதை மாதவாரியாக எழுதிவிட்டால் சுருக்க முடியாது.

பெண்களோடு உட்காருங்கள். ஆண்கள் தேனையும் பாறையையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், ஆனால் தினசரிச் சட்டியில் விழுவது எது என்று பெண்களுக்கும் கிழவிகளுக்கும்தான் தெரியும். சித்திரையில் தொடங்கி பங்குனி வரை ஒவ்வொரு மாதமாகக் கேளுங்கள். என்ன கிழங்கு தோண்டுவீர்கள்? வள்ளி, நூரை, கவலை என்று பொதுப் பேர் வரும், ஆனால் ஊர் மொழியில் அதற்குள்ளேயே பல வகை இருக்கும், ஊர்ப் பெயரையே எழுதுங்கள், பக்கத்தில் தமிழ்ப் பெயர் தெரிந்தால் போடுங்கள். எந்தக் கீரை, எந்த மழைக்கு அப்புறம்? எந்தக் காளான்? நாவல், ஈச்சை, களா, இலந்தை எப்போது பழுக்கும்? பாறையில் கட்டும் மலைத்தேன், பொந்துத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம்? எந்த ஓடையில் மீன், நண்டு?

அப்புறம் சங்கடமான கேள்வி: எந்த மாதத்தில் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம்? மேற்கு மலைகளில் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும் மாதங்களைச் சொல்வார்கள், கூலி வேலையும் இருக்காது, அறுவடையும் வந்திருக்காது. அந்த மாதத்தில் எதைத் தின்று சமாளிப்பீர்கள், எவ்வளவு தூரம் போய் எடுத்து வருவீர்கள்? வருகிற பதில் உங்கள் விண்ணப்பத்தின் முதுகெலும்பு. நல்ல மாதத்தில் போகும் இடங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும், பஞ்ச மாதத்தில் போகும் இடங்கள்தான் தூரத்தில் இருக்கும், வரைபடத்தில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

ஒவ்வொரு பொருளுக்கும் யார் எடுக்கிறார்கள், எத்தனை வீடு, சாப்பிடவா விற்கவா, முன்பு கிடைத்து இப்போது கிடைக்காவிட்டால் ஏன் என்றும் எழுதுங்கள். உண்ணிச்செடி மூடிவிட்டது, யூகலிப்டஸ் நட்டுவிட்டார்கள், கேட் போட்டுவிட்டார்கள் என்று காரணம் வரும். இப்போது போக முடியாத இடத்தையும் பட்டியலில் சேர்க்கலாம், சேர்க்க வேண்டும். பயிர்க் கணக்கையும் ஓரமாக எழுதுங்கள். கொல்லிமலையில் சாமை, தினை, பனிவரகு இருந்த நிலங்களை ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பிடித்துக்கொண்டது போல உங்கள் ஊரிலும் ஏதாவது நடந்திருக்கும். வயலில் உணவுப் பயிர் குறைந்த ஊருக்குக் காட்டு உணவு எவ்வளவு முக்கியம் என்பது அதிலிருந்தே விளங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. வேட்டையை இந்தச் சட்டம் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. முயலோ காட்டுப்பன்றியோ நாட்காட்டியில் ஏறக்கூடாது, அது வழக்குக்கு நீங்களே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் ஆகிவிடும். வெட்டுமரமும் சிறு வனப் பொருளில் வராது. மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, மருந்துச் செடி, வேர், கிழங்கு எல்லாம் வரும். நீர்நிலையில் கிடைக்கும் மீனும் மற்றவையும் வரும்.

வரைபடம்

நாட்காட்டியில் வந்த இடப் பெயர்களை ஒரு பெரிய சார்ட் தாளில், அல்லது தரையிலேயே கோலமாவு வைத்து, பெரியவர்களை வரையச் சொல்லுங்கள். சாமிப் பாறை, சுடுகாடு, பழைய ஊர் இருந்த இடம், ஊற்று, மாடு படுக்கும் பட்டி, தேன் பாறை, கிழங்குச் சரிவு. பிறகு அந்த இடங்களுக்கு நடந்து போய் செல்போன் ஜி.பி.எஸ்-ல் புள்ளி எடுத்து, போட்டோ எடுத்து, கூட வந்தவர் பேரோடு குறித்து வையுங்கள். நெட்வொர்க் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ் வேலை செய்யும்.

வன வரைபடமும் வருவாய் வரைபடமும் வாக்காளர் பட்டியலும் தர வேண்டியது உட்கோட்டக் குழுவின் கடமை என்று விதியிலேயே இருக்கிறது, படிவங்களும் இலவசம்தான். கேட்டு எழுதுங்கள், வராவிட்டாலும் காத்திருக்க வேண்டாம், உங்கள் வரைபடத்தில் ஊரும் ஓடையும் பாறையும் அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தால் போதும்.

பக்கத்து ஊரின் எல்லை மேல் உங்கள் எல்லை விழும், கட்டாயம் விழும். ஒரே தேன் பாறைக்கு இரண்டு ஊர் போகும். இதைச் சண்டையாக்காமல் இரண்டு ஊர்க் குழுக்களும் உட்கார்ந்து "இது பொது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இரண்டு விண்ணப்பத்திலும் இணைக்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. பேசி முடியாததைத்தான் உட்கோட்டக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மேலே போனால் யாருக்கும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு அதிகம்.

"இது புலிகள் காப்பகம், இங்கே சட்டம் செல்லாது" என்பார்கள். செல்லும். காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எல்லாமே இந்தச் சட்டத்தின் வனநிலத்தில் அடக்கம். கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன மலையில், சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம்தான், சோளகர்களுக்கு 2011-ல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக உரிமை கொடுத்திருக்கிறார்கள்.

ஆதாரம், சரிபார்ப்பு

ஒவ்வொரு கோரிக்கைக்கும் குறைந்தது இரண்டு ஆதாரம் வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது, பழைய வனத்துறை அபராத ரசீது (இதை யாரும் கிழித்துப் போடாதீர்கள், நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று துறையே எழுதிக் கொடுத்தது), நீதிமன்றக் காகிதம், ஆய்வாளர்கள் எழுதி வைத்தது எல்லாம் செல்லும். காகிதமே இல்லாவிட்டால் கல் வரப்பு, கிணறு, மேடை, சுடுகாடு, கோயில் காடு செல்லும். கோரிக்கை கொடுத்தவரைத் தவிர வேறு ஒரு மூத்தவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் முழு ஆதாரம். சமூக உரிமைக்கு மேய்ச்சல் இடம், கிழங்கும் பழமும் எடுக்கும் இடம், மீன் பிடிக்கும் இடம், தண்ணீர் ஊற்று இவையே ஆதாரம் என்று விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உங்கள் சாப்பாட்டு நாட்காட்டி அங்கேதான் போய் உட்காருகிறது. செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்று தள்ள முடியாது, படம் துணை ஆதாரம் மட்டும்தான். குறிப்பிட்ட ஒரு காகிதம் இருந்தால்தான் ஆச்சு என்று மேல் குழுக்கள் அடம்பிடிக்கவும் கூடாது.

சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் அலைகிற சமூகங்கள் நம்மிடையே நிறைய. தனிநபர் படிவத்துக்கு அது தேவைப்படும். படிவம் சி-யில் கிராம சபை உறுப்பினர் பட்டியலோடு யார் பழங்குடி என்று குறித்தால் போதும், எல்லோரிடமும் சான்றிதழ் இருக்க வேண்டும் என்றில்லை. அதற்காகச் சமூக உரிமையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழு நேரில் போய்ப் பார்க்கும் நாளை வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து பார்த்து, கருத்து இருந்தால் எழுதி, கையெழுத்து போட வேண்டும். வராமல் இருந்துவிட்டுப் பிறகு "எங்கள் ஆள் இல்லாமல் அளந்தார்கள்" என்று ஆட்சேபித்தால் இன்னொரு முறை சரிபார்ப்பு நடக்கும், அதற்கும் வராவிட்டால் கிராம சபை சொன்னதே இறுதி. எனவே அழைப்புக் கடிதத்தின் ரசீது தங்கம் மாதிரி.

சரிபார்த்த பின் கிராம சபை கூடித் தீர்மானம் போட்டு, எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உட்கோட்டக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு. அதன் முடிவுதான் கடைசி.

தள்ளுபடி என்றால்

ரேஞ்சரோ வி.ஏ.ஓ-வோ "இதெல்லாம் ஆகாது" என்று வாயால் சொல்வது தள்ளுபடி ஆகாது. தனி அதிகாரி யாருக்கும் கோரிக்கையை நிராகரிக்கும் அதிகாரம் கிடையாது. குறை இருந்தால் உட்கோட்டக் குழு அதைக் கிராம சபைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வெறும் நடைமுறைக் குறையைக் காட்டித் தள்ளவும் கூடாது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல் குழுவுக்கு மனு போடலாம். மாவட்டக் குழுவும் கைவிட்டால் உயர் நீதிமன்றம்தான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2019 பிப்ரவரி 13-ல் உச்ச நீதிமன்றம், கோரிக்கை தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி உத்தரவு போட்டது, நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி அதே மாதம் 28-ல் நிறுத்தி வைத்தது. தள்ளுபடியானது ஏன், முறைப்படி நடந்ததா என்ற கேள்விதான் அங்கே மையத்துக்கு வந்தது. தள்ளுபடியானதே தெரியாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல்: 2008-ல் வந்த நீதிமன்ற இடைக்கால உத்தரவால் 2016 வரை உரிமைப் பத்திரம் கொடுப்பது முடங்கிக் கிடந்தது. அந்தக் காலத்தில் உங்கள் ஊர் மனு கொடுத்திருந்தால் தாலுகா அலுவலகத்திலோ ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலத்துறையிலோ தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நிலையைக் கேளுங்கள். பதிலே வராத ஊர்களுக்கு 2012 விதிகளில் ஒரு நல்ல பிடி இருக்கிறது: வனவாசிகள் இருக்கும் எல்லா ஊர்களுக்கும் சமூக வன வள உரிமை கிடைப்பதை மாவட்டக் குழு உறுதி செய்ய வேண்டும், கிடைக்காத ஊருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். அந்த எழுத்தின் நகலைக் கேட்டு ஒரு மனு போடுங்கள். பல இடங்களில் கோப்பு அசையத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

விசாரணை முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது, சட்டத்தின் 4(5) பிரிவு. பழங்குடியின் வன உரிமையில் குறுக்கிடுவது 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம்.

காத்திருக்கும் காலத்துக்கு

இதெல்லாம் வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரை வயிறு காத்திருக்காது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறும் தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்ற பட்டியலில் இருக்கின்றன. இந்தக் குடும்பங்கள் அனைத்துக்கும் அந்தியோதயா அட்டை, அதாவது மிக ஏழைகளுக்கான ரேஷன் அட்டை, தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது, அதில் மாதம் 35 கிலோ தானியம். சாதாரண அட்டை வைத்திருப்பவர்கள் மாற்றக் கேளுங்கள், அதே கிராம சபையில் தீர்மானமாகவே போடலாம். நீலகிரி, தர்மபுரியில் 2023 முதல் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளும் வசதி வந்தது, ராகிக்களி சாப்பிட்டு வளர்ந்த ஊர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

உரிமை கைக்கு வந்த பிறகு

காட்டைப் பாதுகாக்க ஒரு குழுவைக் கிராம சபை அமைக்க வேண்டும். சிறு வனப் பொருளைக் காட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு தருவது அந்தக் குழுதான், எடுப்பதற்குக் கட்டணமோ ராயல்டியோ கிடையாது, வண்டியில் ஏற்றிச் செல்லலாம், ஊரிலேயே பக்குவப்படுத்தி விற்கலாம்.

மேலாண்மைத் திட்டம் எழுதச் சொல்வார்கள். ஆலோசகரைக் கூப்பிட்டு அழகான அச்சில் வாங்க அவசரப்படாதீர்கள். கிழங்கு தோண்டும்போது கொடியோடு தலைப்பகுதியை மண்ணில் வைத்து மூடிவிட்டு வருவது, ஒரே பாறையில் எல்லா அடையையும் எடுக்காமல் விடுவது, நெல்லி மரத்தில் கிளை முறிக்காமல் பறிப்பது என்று ஊரில் ஏற்கனவே இருக்கும் கட்டுப்பாடுகளை முதலில் எழுதுங்கள். அப்புறம் எந்தச் சரிவில் உண்ணிச்செடியைப் பிடுங்கி எதை வரவைக்கப் போகிறீர்கள் என்று எழுதி, அந்தக் கூலியை அரசின் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கேளுங்கள். உரிமை பெற்றவர்களுக்கு நில மேம்பாடு உள்ளிட்ட அரசுத் திட்டங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது 16-ஆம் விதி, மனுவில் அந்த எண்ணையே குறிப்பிடுங்கள்.

உரிமைப் பத்திரத்தைக் கையில் வாங்கும் அன்று மேடையில் போட்டோ எடுத்து முடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். எல்லை விவரமும், நீங்கள் எழுதிக் கொடுத்த பொருட்களின் பட்டியலும் அதில் முழுசாக இருக்கிறதா, "வனத்துறையின் அனுமதிக்கு உட்பட்டு" என்பது போல நிபந்தனை எதையாவது சேர்த்திருக்கிறார்களா என்று வரிவரியாகப் படியுங்கள். குறை இருந்தால் அடுத்த கிராம சபையிலேயே தீர்மானம் போட்டு மாவட்டக் குழுவுக்குத் திருத்தம் கேட்டு அனுப்புங்கள், அந்த மனுவுக்கும் ரசீது வாங்கி அதே அட்டை நோட்டில் ஒட்டுங்கள்.